கருணையை எடுத்த மனு

தொண்ணூறுகளில் சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு எதிரே மனுக்கள் டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் ஓர் அம்மாள் வந்தார். அவருடைய தம்பி தூக்குப் போட்டுக்கொண்டான் என்று போலீஸ் வழக்கை முடித்துவிட்டது. அவர் அதை நம்பவில்லை.

“வலை பின்னுற கை நைனா அது. கயித்துல இருந்த முடிச்சு அவன் போட்ட முடிச்சே இல்ல. அத்த எழுது.”

எழுதினேன். வழக்கம்போலக் கடைசியில் ‘அபலையாகிய என்மீது கருணை கூர்ந்து’ என்று சேர்த்துப் படித்துக் காட்டினேன். அவருக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

“நான் இன்னா பிச்சையா கேக்குறேன்? என் தம்பி எப்படி செத்தான்னு கேக்குறேன். அந்தக் கருணைய எடு.”

“அது இல்லன்னா அதிகாரி படிக்கவே மாட்டாரும்மா.”

“போன ரெண்டு மனுவுலயும் இருந்துச்சே, எவன் படிச்சான்?”

தாளை உருவிப் போட்டுவிட்டு முழுவதையும் மறுபடி அடித்தேன்.

அந்த மனுவும் தள்ளுபடியாயிற்று. அடுத்த மனுவுக்கு அவர் வந்தபோது, சொல்லாமலே கருணையை விட்டுவிட்டு அடித்தேன். அவருக்கு மட்டுமல்ல, அவருக்குப் பின்னால் நின்றிருந்த அத்தனை பேருக்கும்.