பிளேனில் இரண்டு மணி நேரம்

சங்கரன்கோவிலில் நான் மூட்டை தூக்கிய பஞ்சு கிட்டங்கிக்கு அவர்தான் வாட்ச்மேன். காக்கிச் சட்டையில் கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டிருப்பார். பம்பாய் போய்த் திரும்பும் லாரி டிரைவர்களிடம் முதலில் அதைத்தான் கேட்பார்.

"அங்கன இருந்து எத்தனை நாள்வே?"

"நாலு நாள், அண்ணாச்சி."

"பிளேன்ல ரெண்டு மணி நேரம்வே. திருவனந்தபுரத்துல இறங்கி, பஸ்ஸுல அஞ்சு மணி நேரம்."

"அப்ப பஞ்சையும் பிளேன்லயே அனுப்பச் சொல்லுங்க."

அவருடைய ஒரே மகன் பம்பாயில் வேலை பார்த்தான். ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

ஒருநாள் என்னிடம் சொன்னார். "நான் செத்தா ஒரு நாள் போட்டு வைங்க. தந்தி கண்டதும் பிளேன்ல வந்துருவான்."

"உயிரோட இருக்கும்போது ரயில்ல வரக் கூடாதா, அண்ணாச்சி?"

சிரித்தார். கழுத்துப் பட்டனைத் தடவிக்கொண்டார். நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

அந்த மாசியில் இறந்துபோனார். தந்தி அடித்தோம். ஐஸ் வைத்து இரண்டு நாள் காத்திருந்தோம். பிறகு எடுத்துவிட்டோம்.

நாலாம் நாள் மகன் வந்தான். ரயிலில் உட்கார இடம் கிடைக்காமல் கால் வீங்கியிருந்தது.

"அப்பா ஏதும் சொன்னாவளா?" என்று கேட்டான்.

"உன்னையத்தான் தேடுனாவ" என்றேன்.

இரண்டு மணி நேரம் என்று அவருக்கு யார் சொன்னார்களோ. பிளேனைப் பற்றி மட்டும் அவனிடம் நான் சொல்லவில்லை.