தேக்குச் சட்டத்தில் குழந்தை, பலகையில் பம்பு

சுகாதாரப் பிரசாரம் என்பது, கூப்பிடாத ஊருக்குப் போய், பிடிக்காத சேதியைச் சொல்லி, நீர்மோர் வாங்கிக் குடித்துவிட்டு வருகிற உத்தியோகம். பி.ஏ. முடித்த கையோடு நான் இதில் வந்து விழுந்தேன். ஊர் ஊராகப் பேசித் தொண்டை கட்டிப்போன என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் புரியாது.

யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த பட்டாள லாரி ஒன்றின்மேல் மரக்கூண்டு கட்டி, படுக்கப் பலகை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கொடுத்தார்கள். அதுவே எங்களுக்கு வீடு, ஆபீஸ், கண்காட்சி. நர்ஸ் ஞானம்மாளும் நானும் உள்ளே. டிரைவர் ஜமால் பாய் வெளியே கயிற்றுக் கட்டிலில். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து ஊர்களில் தாய்மார்களை வண்டிக்குள் ஏற்றி, படம் காட்டி, கைகழுவச் சொல்லிக்கொடுத்து, பிள்ளைகளுக்கு அம்மை குத்தவேண்டும். எங்கள் மேலதிகாரியான டாக்டர் அனுப்பும்போதே சொல்லிவிட்டார்: திருமழபாடிக்குத் தாமே பார்வையிட வருவார், அங்கேயும் பெண்கள் ஏறாவிட்டால் வண்டி திருச்சிக்குத் திரும்பிவிடும். வண்டி திரும்பினால் நானும் திரும்பவேண்டும். அங்கே அப்பா ஒரு ஜாதகத்தோடு காத்திருந்தார்.

ஈக்கு என்ன மரம்?

சுவரில் மாட்ட நாலு படங்கள்: ஈ, கைகழுவும் பெண், அம்மை குத்திக்கொண்ட கொழுகொழு குழந்தை, நாலாவதாக டாக்டரின் சொந்தப் படம். அது கட்டாயம் சட்டம் போட்டு மாட்டப்படவேண்டும் என்று உத்தரவு. அரியலூரில் சட்டம் போடும் ஆசாரி ஒருவரைப் பிடித்தேன். அவர் மாமரம் என்றார். வண்டு துளைக்கும் என்றேன். பலா என்றார், கனம், வண்டிக் குலுக்கலில் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வரும் என்றேன். பனஞ்சட்டம் என்றார், சிலாம்பு ஏறும், பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பார்கள் என்றேன். எனக்கு வேண்டியது மெல்லிய தேக்கு ரீப்பர், முன்னால் கண்ணாடி, பின்னால் தகரம். புழுதி போகாது, மழைக்குக் கோணாது.

ஆசாரி ஈயின் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: “ஈக்குத் தேக்கு கேக்குறீங்க. எங்க வூட்டு வாசக்காலே வேப்பமரந்தாம்மா.”

பாடாலூர்ச் சந்தையில்

தொட்டித் தண்ணீரைக் குழாய்க்கு ஏற்ற, பாட்டரியில் ஓடும் சின்னப் பம்பு ஒன்று இருந்தது. உருவம் தேங்காய் அளவு; சத்தம் தேர் நிலைக்கு வருகிற மாதிரி. பாடாலூர்ச் சந்தையில் பெண்கள் கொஞ்சம் பேர் தயங்கித் தயங்கிப் படியேறினார்கள். ஞானம்மாள் சோப்பை எடுத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். கடகடவென்று கூண்டு முழுவதும் அதிர்ந்தது. ஆணியில் தொங்கிய கண்ணாடிகள் பல்லைக் கடித்தன. வெளியே ஒரு ஜோடி மாடு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. அத்தனை பெண்களும் கீழே குதித்துவிட்டார்கள்.

நான் விடவில்லை. பம்பு என்றால் என்ன, அது ஏன் கத்துகிறது, கத்துவதால் கெடுதல் இல்லை என்று வாசலில் நின்று விளக்கினேன். மிளகாய்க் கூடையோடு நின்ற ஒருத்தி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “சரிங்க, உள்ள நெல்லுதானே அரைக்கிறீங்க? வூட்ல ஒரு மூட்டை கெடக்கு, கொண்டாரட்டுமா?”

சத்தம் எங்கே இருக்கிறது?

ஜமால் பாய் எண்ணெய் விட்டார். பம்பு அதே சத்தத்தை வழுவழுவென்று போட்டது. சாக்கைச் சுற்றிக் கட்டினார். சூடேறிச் சாக்கு கருகிய வாடை வந்தது. “பட்டாளத்துச் சாமான், கத்தத்தான் செய்யும்” என்று முடிவு கட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பொருள் கத்தினால் காரணம் இல்லாமலா கத்தும்? சுவர்ப் பலகையில் காதை வைத்தேன். தொட்டியில் வைத்தேன். தரையில் படுத்தும் கேட்டேன். ஞானம்மாள் எனக்கு ஜுரமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பலகையில்தான் சத்தம் அதிகம். திருகாணிகளைக் கழற்றி, பம்பைக் கையில் ஏந்திக்கொண்டு ஓட்டச் சொன்னேன். முணுமுணுவென்று வண்டு மாதிரிப் பேசியது, அவ்வளவுதான். கத்தியது பம்பு இல்லை. அதை இறுக்கி வைத்திருந்த பலகை. பம்பு சின்ன அதிர்வு கொடுக்க, மெல்லிய பலகை தவில் மாதிரி அதை வாங்கிப் பெருக்கிக்கொண்டிருந்தது. ஜமால் பாய் அதையும் ஒப்புக்கொள்ளவில்லை. மத்தியானம் முழுக்க வாதாடினோம். கடைசியில் பழைய டயரை வெட்டிப் பம்புக்கும் பலகைக்கும் நடுவே வைத்து, திருகாணிகளை அளவோடு முறுக்கி, இரும்புக் குழாய்க்குப் பதில் ஒரு முழம் ரப்பர்க் குழாயும் மாட்டினோம். பொத்தானை அழுத்தினோம். தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

நான் காரண காரியங்களை மறுபடி முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தேன். ஜமால் பாய் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “பம்புச் சத்தம் நின்னுடுச்சும்மா. அல்லா புண்ணியத்துல, மீதிச் சத்தமும் நின்னா நான் செத்த நேரம் படுப்பேன்.”

கல்லங்குறிச்சியில் ஒரு பூ

கோயிலுக்கு வந்த பெண்கள் கும்பலாக ஏறினார்கள். பம்பு வாய் திறக்கவில்லை. ஜெயித்தாகிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் குழந்தை படத்தின் முன்னால் போனதும் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி தலையிலிருந்து கதம்பத்தில் ஒரு துண்டைக் கிள்ளிச் சட்டத்தின் மேல் செருகினாள். இன்னொருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எந்த ஊருப் புள்ளைங்க? ஊசி போட்டு எத்தனை நாள்ல போச்சு?” என்று கேட்டாள்.

அந்தப் பிள்ளை ஞானம்மாளின் அக்காள் மகன், நேற்றுக்கூட மண்ணைத் தின்று அடிவாங்கியிருப்பான் என்றேன். யாரும் நம்பவில்லை. தலைவர்கள் படத்தையெல்லாம் உயிரோடு இருக்கும்போதே கண்ணாடி போட்டு மாட்டவில்லையா என்று மடக்கினேன். “அவங்க சாமி மாதிரி. உங்க புள்ள சாமியா?” என்று திருப்பி மடக்கினார்கள். பிள்ளைகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். இனி இருப்பது திருமழபாடி ஒன்றுதான். கடைசியாக இறங்கியவளின் வழியை மறித்துக்கொண்டு, “சரி, உயிரோடு இருக்கிற பிள்ளையை எதில்தான் வைப்பீர்கள்?” என்று கோபத்தோடு கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துச் சொன்னாள்: “பொறந்ததும் மொறத்துல போடுவோம். ஏன், உங்களைப் போடலியா?”

திருமழபாடியில் டாக்டர்

போகிற வழியிலேயே புது முறம் ஒன்று வாங்கினேன். குழந்தை படத்தைச் சட்டத்திலிருந்து பிரித்து, முறத்தின் நடுவில் கோந்து போட்டு ஒட்டி, ஓரத்தில் மஞ்சள் பூசி மாட்டினேன். ஈயும் கைகழுவும் பெண்ணும்கூடக் கண்ணாடியை விட்டு மூங்கில் தட்டிக்கு மாறினார்கள். டாக்டர் படத்தை மட்டும் தொடவில்லை. அதையும் மாற்றிவிடலாம் என்றாள் ஞானம்மாள். சட்டம் போட்டு மாட்டச் சொன்னது அவர். உத்தரவை மீற நான் யார் என்று வாதாடி ஜெயித்தேன்.

கொள்ளிடக் கரையில் வண்டி நின்றது. பெண்கள் ஏறினார்கள். முறத்தில் இருந்த குழந்தையைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி அதன் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தாள். “இவனுக்கு எங்க குத்துனாங்க?” என்று கேட்டு, தன் மகனின் சட்டையைத் தானே கழற்றினாள். அவளுக்குப் பின்னால் வரிசை படிக்கட்டைத் தாண்டி மணல்வரை போனது. அந்த நேரம் டாக்டர் வந்தார். வரிசையைப் பார்த்துவிட்டு, உள்ளே ஏறித் தம்முடைய படத்துக்குக் கீழே நின்றார். சட்டத்தின் மேல் யாரோ செருகிய அரளிப்பூ வாடக்கூட இல்லை.

கைகழுவிக்கொண்டிருந்த ஒரு பெண் படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். பம்புச் சத்தம் இல்லாததால் அவள் சொன்னது வண்டி முழுக்கக் கேட்டது: “கூடப் பொறந்தவருங்களா? பாவம், அச்சு அசலா உங்களை மாதிரியே இருந்திருக்காரு.”

டாக்டர் படத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார், வண்டியை எனக்கே விட்டுவிட்டார். ஆகவே என் இனத்தாரே, பம்பை ரப்பரிலும், பிள்ளையை முறத்திலும், மேலதிகாரியை அவரே கேட்ட சட்டத்திலும் வையுங்கள், உத்தியோகம் நிலைக்கும்.