பெரியம்மா வீட்டு ஹாலும் என் அழுமூஞ்சியும்

என் முகம் முதன்முதலாக வெளியாட்கள் கண்ணில் பட்டது அழுமூஞ்சியாகத்தான். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது எடுத்த படம். தலை பரட்டை, கவுனில் ஒரு பொத்தான் இல்லை, பின்னால் சாய்ந்து தொங்கும் காலண்டர், காலடியில் ஒரு வாளி. பார்த்தவர்கள் ஐயோ பாவம் என்றிருப்பார்கள். அந்த நேரத்தில் என்னுடைய ஒரே துக்கம் வாழைக்காய் பஜ்ஜி என்பது யாருக்கும் தெரிந்திருக்காது.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அன்றைக்கு நான் குழம்பியதுபோல நீங்களும் குழம்புவீர்கள். ஸ்ரீரங்கத்தில் எங்களுடையது அரை வீடு. கட்டும்போது முழு வீடாகத்தான் கட்டியிருக்கிறார்கள். அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது ஹாலுக்கு நடுவே ஒரு சுவரை எழுப்பி, ஆளுக்கு இரண்டு தூண், ஆளுக்கு ஒரு வாசல் என்று ஆக்கிக்கொண்டார்கள். கிணற்றை எப்படிப் பிரிப்பது என்று தெரியாததால் கொல்லையில் மட்டும் சுவர் பாதியிலேயே நின்றுவிட்டது. அந்த வழியாகத்தான் நான் பெரியம்மா வீட்டுக்குப் போவதும் வருவதும். அங்கே என் தோசையை யாரும் எண்ண மாட்டார்கள்.

பிரித்த பிறகும் இரண்டு வீட்டுக்கும் ஒரே சமயத்தில்தான் டைல்ஸ் ஒட்டினார்கள். தூண்களுக்கு ஒரே டப்பாவிலிருந்து கிளிப்பச்சை பெயிண்ட் அடித்தார்கள். அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தது பெரியம்மா. கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் ஏதாவது ஒரு ஹாலில் அவிழ்த்துவிட்டால், யார் வீடு என்று டிவி இருக்கும் இடத்தை வைத்துத்தான் சொல்ல முடியும்.

இப்படி இருந்தபோதுதான் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சென்னை வேலையை விட்டுவிட்டு இரண்டு பையோடும் கழுத்தில் ஒரு கேமராவோடும் வந்து இறங்கினார். களையிழந்துபோன வீடுகளுக்குப் பழைய களையைத் திருப்பிக் கொடுப்பதுதான் இனிமேல் தன் தொழில் என்றார். முதல் வீடு எங்கள் வீடு.

“எங்க வீட்டுக்கு என்ன மாப்ள குறைச்சல்?” என்று அப்பா கேட்டார்.

“குறைச்சலே இல்ல மாமா. எல்லாம் கூடுதலா இருக்கு. அதத்தான் எடுக்கப் போறேன்.”

எடுத்தார். தூண்களிலிருந்து பச்சையைச் சுரண்டி எடுத்தார். உள்ளே பழுப்பாக மரம் தெரிந்தது. டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, அந்தக் காலத்தில் இருந்ததுபோல் சிவப்புச் சிமெண்டுத் தரை போட்டார். சுவர் பெயிண்டைத் தேய்த்துவிட்டுச் சுண்ணாம்பு அடித்தார். டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு, படுத்துத் தூங்கச் சொல்வது மாதிரி ஒரு மஞ்சள் பல்பு மாட்டினார். பரணிலிருந்து வெண்கல உருளியை இறக்கி, அதில் தண்ணீர் ஊற்றிச் செம்பருத்தியை மிதக்கவிட்டார். அடுப்பு பற்றவைக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நான் காத்திருந்து பார்த்தேன். அப்பாவுக்குச் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் சாமான் கடை. அவருடைய நாற்காலிகள் எல்லாம் பரணுக்குப் போய்விட்டதால் எங்கே உட்காருவது என்று தெரியாமல் கொஞ்ச நாள் நின்றுகொண்டே பேப்பர் படித்தார்.

என் குழப்பம் அங்கேதான் ஆரம்பம். வீட்டைப் புதுசாக்குகிறேன் என்று சொல்லிவிட்டு இந்த மனுஷர் பழசாக்குகிறாரே என்று நினைத்தேன். பெரியவர்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதால், தப்பு என் பக்கம்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். இன்றுவரை எனக்கு இந்தப் பழக்கம் உண்டு.

வேலை முடிந்தது. ஊர் மெச்சியது. வாடிக்கையாளர் மட்டும் ஒருவரும் வரவில்லை. அப்பா நல்லவர்தான், ஆனால் வியாபாரி.

“தை மாசம் வரைக்கும் பாரு மாப்ள. ஒண்ணும் அமையலைன்னா கடைக்கு வந்துடு. வாளி விக்கிறதும் தொழில்தான்.”

மாமா அன்றிலிருந்து வீட்டில் எந்த வாளியைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தச் சமயத்தில்தான் தில்லைநகரிலிருந்து ஒரு அம்மாள் போன் செய்தார். உப்பிலியபுரத்தில் அவர்களுடைய பூர்வீக வீடு பூட்டிக் கிடக்கிறதாம். இடிக்க மனசில்லையாம். “முன்னாடி எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்குன்னு ரெண்டு போட்டோ அனுப்புங்க தம்பி, பாத்துட்டுச் சொல்றேன்.”

போனை வைத்த மாமாவின் முகம் சுண்ணாம்பை விட வெளுத்திருந்தது. கழுத்தில் எப்போதும் கேமரா தொங்கிய மனிதர், முதல் நாள் வந்த வேகத்தில் உளியை எடுத்தாரே தவிர, கேமராவை எடுக்கவில்லை. முன்னாடி படம் ஒன்றுகூடக் கிடையாது. அம்மா பழைய ஆல்பங்களை எல்லாம் இறக்கினாள். எங்கள் வீட்டு விசேஷப் படங்களில் சொந்தக்காரர்கள்தான் சுவர். என் காதுகுத்துப் படத்தில் இருபது தலைகளுக்கு நடுவே தூண் கொஞ்சம் தெரிந்தது. அதன்மேலும் ஒரு சித்தப்பா சாய்ந்திருந்தார்.

மாமா நடுச்சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு, “அக்கா, அந்தப் பக்கம் எல்லாம் அப்படியேதான இருக்கு?” என்று கேட்டார். அம்மா, “வேண்டாம்டா” என்றாள். “ரெண்டும் ஒரே வீடுதானக்கா. பொய்யின்னு எப்படிச் சொல்ல முடியும்?” என்றார் மாமா.

கிணற்றடி வழியாக என்னையும் இழுத்துக்கொண்டு போய், “அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா உங்க ஹால்ல?” என்று பெரியம்மாவைக் கேட்டார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை, பெரியம்மாவும் கேட்கவில்லை. தன் ஹாலைப் படம் எடுக்க ஒருவர் வந்ததே போதும் என்பதுபோல, தரையைத் துடைத்தார், நாற்காலிகளுக்கு உறை மாற்றினார், ஷோகேஸிலிருந்த பிளாஸ்டிக் ரோஜா ஜாடியை நடுமேசைக்குக் கொண்டுவந்தார். “எடுத்துக்கிட்டிருங்க தம்பி, பஜ்ஜி போட்டுக் கொண்டு வரேன்” என்று உள்ளே போனார்.

அவர் போனதும் மாமா ஜாடியை டிவிக்குப் பின்னால் ஒளித்தார். நாற்காலிமேல் ஈரத் துண்டைப் போட்டார். காலண்டரைச் சாய்த்தார். கொல்லையிலிருந்து அவரே ஒரு வாளியை எடுத்துவந்து வைத்தார். என் ரிப்பனை உருவித் தலையைக் கலைத்தார்.

“சோகமா நில்லு பாப்பா.”

எனக்கு வரவில்லை. எண்ணெய் காயும் வாசனை வந்துகொண்டிருந்தது. அந்த வாசனையில் யாரால் சோகமாக நிற்க முடியும்?

“உனக்கு பஜ்ஜி கிடையாது,” என்றார் மாமா.

படம் பிரமாதமாக வந்தது.

பெரியம்மா தட்டோடு வருவதற்குள் எல்லாம் பழைய இடத்துக்குப் போய்விட்டன. நான் பஜ்ஜி தின்றேன். மறுநாள் எங்கள் ஹாலில், பட்டுப்பாவாடை கட்டி, உருளிக்குப் பக்கத்தில் பல்லெல்லாம் தெரிய நின்றேன். இரண்டு படமும் தில்லைநகருக்குப் போயின. ஒன்றின்மேல் ‘முன்’, மற்றதன்மேல் ‘பின்’ என்று மாமா எழுதியிருந்தார். எனக்கு அது தலைகீழாகப் பட்டது. பளபள டைல்ஸ், டியூப் லைட், பச்சைத் தூண் உள்ள வீடு முன்னால் இருந்ததாம். தூண் தோலுரிந்து இருட்டடைந்து கிடக்கும் வீடு பின்னால் வந்ததாம். மாற்றி எழுதிவிட்டீர்கள் என்று மாமாவிடம் சொன்னேன். அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து சிரித்தார்.

அடுத்த சனிக்கிழமை காலையில் தில்லைநகர் அம்மாள் சொல்லாமல் கொள்ளாமல் நேரிலேயே வந்துவிட்டார். ஆட்டோக்காரர் அவரைப் பெரியம்மா வாசலில் இறக்கிவிட்டார். நான் அங்கே தரையில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தேன். வந்தவர் தூணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையிலிருந்த போனைப் பார்த்தார்.

“இது முன்னாடி படத்துல இருக்கற வீடாச்சே. வேலையே இன்னும் ஆரம்பிக்கலையா?”

“எந்தப் படங்க?” என்று பெரியம்மா கேட்டார்.

போன் கை மாறியது. பெரியம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி வாளியைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். படத்தை அப்படியும் இப்படியும் நகர்த்தி எதையோ தேடினார். ஜாடியைத்தான் தேடினார் என்று நினைக்கிறேன். பெரியம்மாவுக்குப் புரியவில்லை போலிருக்கிறதே என்று எனக்கே பரிதாபமாகிவிட்டது. எழுந்து போய் விளக்கினேன்.

“உங்க வீடு முன் பெரியம்மா. எங்க வீடு பின்.”

அதற்குள் யாரோ சொல்லி, கிணற்றடி வழியாக மாமா ஓடிவந்தார். கையெல்லாம் சமையலறைச் சுவருக்கு அடித்துக்கொண்டிருந்த சுண்ணாம்பு. கொல்லை வாசற்படியிலேயே நின்றுவிட்டார். தை பிறக்க அதிக நாளில்லை. அந்த அம்மாள் மாமாவைப் பார்த்து, “என்ன தம்பி இது, வேற யாரோ வீட்டப் படம் எடுத்து அனுப்பியிருக்கீங்களா?” என்றார். மாமா கைச் சுண்ணாம்பைச் சட்டையில் துடைத்தார்.

பெரியம்மா போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“வேற யாரும் இல்லைங்க. ரெண்டும் ஒரே வீடு, நடுவுல சுவர் வச்சுப் பிரிச்சது. அவங்க பக்கம் இதவிட மோசமா கெடந்துச்சு. தம்பிதான் ராப்பகலா நின்னு சரி பண்ணுச்சு. நாங்க இன்னும் பண்ணல, அவ்வளவுதான். வாங்க, நானே காட்டுறேன்.”

“இல்ல பெரியம்மா, எங்க வீடும் இதே மாதிரிதான... அந்தத் துண்டு மாமாதான்...” என்று நான் உண்மையை எடுத்துவைக்க ஆரம்பித்தேன். பெரியம்மா என் தட்டிலிருந்த தோசையில் பெரிய விள்ளலாகக் கிள்ளி என் வாயில் திணித்தார். மென்று முடிப்பதற்குள் எல்லோரும் எங்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

தில்லைநகர் அம்மாள் சிவப்புத் தரையில் செருப்பில்லாமல் நடந்து பார்த்தார். தூணைத் தடவினார். உப்பிலியபுரம் வேலை மாமாவுக்கே என்று அங்கேயே சொல்லிவிட்டார். பெரியம்மா கடைசிவரைக்கும் கூடவே நின்று, உருளியைக் காட்டி, “எப்படி ஒரு லட்சணமா இருக்கு பாருங்க” என்றார். அன்றைக்கு அப்பா மாமாவின் முதுகில் தட்டிக்கொடுத்தார். மாமா இனிப்பு வாங்கிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனார். “ரொம்ப சந்தோஷம் தம்பி” என்று வாங்கிவைத்துக்கொண்டாராம். வேறொன்றும் பேசவில்லையாம். மாமா திரும்பி வந்து அம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டு, “ரெண்டு திட்டு திட்டியிருந்தாக்கூடத் தேவலைக்கா” என்றார். திட்டு வாங்காததற்கு ஒருவர் வருத்தப்படுவதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கெல்லாம் அந்தப் பாக்கியம் அமைந்ததே இல்லை.

சில நாள் கழித்துப் பெரியம்மா வீட்டுக்குப் பெயிண்டர் வந்தார். தூண்களுக்கு மறுபடியும் கிளிப்பச்சை, முன்பைவிடப் பளிச்சென்று. சுவருக்கு ரோஸ். புதுத் திரைச்சீலை, இன்னொரு டியூப் லைட். கண் கூசியது. எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. வாயைப் பிளந்துகொண்டு நின்ற என்னைப் பெரியம்மா கூப்பிட்டார்.

“உங்க மாமாவ வரச் சொல்லு. இப்ப வந்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லு.”

இவ்வளவு நல்ல சேதியை நான் அதுவரை யாருக்கும் கொண்டுபோனதில்லை. கிணற்றடியில் வழுக்கி விழுந்து, எழுந்து ஓடினேன். மாமா வத்தக்குழம்பு சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். சாதத்தில் இருந்த கை அப்படியே நின்றது. அம்மாவைப் பார்த்தார். அம்மா குழம்புச் சட்டியைப் பார்த்தாள். குழம்பில் உப்பு கூடிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா கையைக் கழுவினார். இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, கொல்லை வழியாகப் போகாமல் வாசல் வழியாக, அடுத்த வாசலுக்கு மெதுவாக நடந்து போனார். கேமரா ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. படம் எடுக்கப் போகிறவர் அதை விட்டுவிட்டுப் போகிறாரே என்று எனக்குப் பதற்றமாகிவிட்டது. ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துக்கொண்டு, “மாமா, கேமரா, கேமரா” என்று கத்தியபடி தெருவில் பின்னாலேயே ஓடினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. காதில் விழவில்லை போலிருக்கிறது என்று இன்னும் பலமாகக் கத்தினேன்.