ரத்து மட்டும் தெரிந்த ஊர்

போன செவ்வாய்க்கிழமை முழுக்க எனக்கு ஒரே அலைச்சல். காரணம்? ஒரு பட்டன்!

காலையிலேயே புதூர் பக்கத்திலிருந்து மதினி போன். என் பெரியப்பா மகனின் மனைவி. அண்ணன் வெளியூரில் வேலை பார்ப்பதால் நாலு ஏக்கர் உளுந்தும் மதினி பொறுப்பு. செடியைப் பிடுங்கிக் களத்தில் குவித்தாகிவிட்டது. அடித்து உளுந்தைப் பிரிக்க மிஷின் வர வேண்டும். மார்கழி வானமோ கறுத்துக்கொண்டு வருகிறது. நனைந்தால் அத்தனையும் முளைத்துவிடும்... ஒரு வருஷப் பாடு அதோடு போச்சு.

"கொழுந்தனாரே, மிஷின் புக் பண்ண நீங்க சொன்ன ஆப் ரொம்ப நல்லாருக்கு! எங்க ஊருக்கு மட்டும் 'ரத்து'ன்னு ஒத்தப் பட்டன்தான் வச்சிருக்காவ. ஊர்ல ஒருத்தருக்கும் புக் ஆகல."

சிபாரிசு செய்தது நான்தான். கோவில்பட்டியில் மிஷின் வைத்திருக்கும் அண்ணாச்சி இப்போதெல்லாம் போனில் புக்கிங் எடுப்பதில்லை. யாருக்கு முதலில் என்று தினமும் சண்டை. மதினி கூப்பிட்டபோதும், "ஆப்ல போடுங்கம்மா, வரிசைப்படி வரும்" என்று வைத்துவிட்டாராம்.

"வேணும்னே பண்ணுதாவ! போன வருசம் எங்க ஊர்க்காரன் ஒருத்தன் அண்ணாச்சிகிட்ட சத்தம் போட்டாம்லா, அந்தக் கோவம். இனி அவிய மூஞ்சியிலயே முழிக்க மாட்டோம்."

என் போனில் திறந்து பார்த்தேன். ஊர், பயிர், நாள்... சிவப்பில் 'ரத்து', அதற்குக் கீழே பச்சையில் 'பதிவு செய்'. பளிச்சென்று இருக்கிறது! பிறகு என்ன பிரச்சினை? நேராக அண்ணாச்சியிடம் போனேன். அங்கே வேறு கதை.

"உங்க மதினி ஊர்ல ஒருத்தராவது புக் பண்ணுனாவளா? ஊரே சேந்து என்னைய ஒதுக்கிட்டு. நான் அப்படி என்ன தப்பு செஞ்சேன், சொல்லுங்க?"

சொல்லிக்கொண்டே போனை நீட்டினார்; அந்த ஊர்ப் புக்கிங் காலி. சத்தியமாக நடிப்பில்லை. இரண்டு பேருமே நியாயம் கேட்டால் நான் யாரைத் திட்டுவது?

பஸ் பிடித்து மதினி ஊருக்கே போய்விட்டேன். மதினியின் போனை வாங்கிப் பார்த்தால் — ஆத்தாடி! ஒவ்வொரு எழுத்தும் புளியங்கொட்டை சைஸ். நாலு வரியில் திரை தீர்ந்துவிட்டது. கடைசி வரியில் 'ரத்து'. விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன்... அசையவே இல்லை.

"எழுத்த யாரு இவ்வளவு பெருசா வச்சது?"

"போன் வித்த கடைக்காரருதான். இங்கன எல்லாருக்கும் அப்படித்தான் வச்சுக் குடுப்பாரு. கண்ணாடி இல்லாமப் படிக்கலாம்லா!"

ஊரே அந்த ஒரே கடையில்தான் போன் வாங்குகிறது. நல்ல மனுஷர், பாவம். அவர் எழுத்தைப் பெரிதாக்க, பச்சைப் பட்டன் திரைக்கு வெளியே போய்விட்டது!

செட்டிங்ஸில் எழுத்தைச் சுருக்கினேன். பட்டன் எட்டிப் பார்த்தது. மதினி அமுக்கினார். 'பதிவாகிவிட்டது.' அப்பாடா! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அடுத்த அரைமணி நேரம் ஊரில் எல்லோருடைய போனும் என் கையில்தான்.

மறுநாள் காலை மிஷினோடு அண்ணாச்சியும் வந்து இறங்கினாராம். மதினி டீ போட்டுக் கொடுத்தாராம். அவரும் கடைசிச் சொட்டு வரை குடித்தாராம்.

ஆப் செய்தவர் ஒரே ஒரு தடவை எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கலாம். அந்தப் பட்டனை நகராமல் திரையின் அடியிலேயே நிறுத்தியிருக்கலாம். தன் போனில் சரியாக இருந்தது, விட்டுவிட்டார். நாம் மட்டும் என்ன ஒழுங்கு? நம் திரையில் தெரிவதுதான் எல்லோருக்கும் தெரிகிறது என்றுதானே நினைக்கிறோம்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடி மதினி போன்.

"உளுந்து பூராவும் வீட்டுக்குள்ள வந்துட்டு கொழுந்தனாரே. வெளிய மழை கொட்டுது, கேக்குதா?"

கேட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

இப்போதெல்லாம் யாராவது 'அவிய வேணும்னே பண்ணுதாவ' என்று ஆரம்பித்தால்... முதலில் போனைக் கொடுங்கள் என்கிறேன்!