கலர் டிவியும் என் கறுத்த கைகளும்

முதலில் மன்னிப்பு கேட்டுவிடுகிறேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் எதிரில் நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். கடைக்காரர் மீதிச் சில்லறை கொடுக்க மறந்தால், கேட்க வாய் வராமல் மகளை அனுப்புகிறவள். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்க முடியாது என்ற ஒரே தைரியத்தில் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு கூச்சப்படுகிறவள் டிவியில் எப்படி நடித்தாய் என்று எல்லாரும் கேட்கிறார்கள். சொந்தமாகப் பேசத்தான் எனக்குப் பயம். யாராவது எழுதிக் கொடுத்ததைப் பேசச் சொன்னால் பயமே கிடையாது. ஆம்பூரில் எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஒரு வருஷம் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன ஏரோது ராஜா வேஷத்துக்கு ஆள் வரவில்லை. மீசை ஒட்டி என்னை ஏற்றிவிட்டார்கள். நான் கத்திய கத்தலில் முன்வரிசைப் பிள்ளைகள் அழுதுவிட்டன. என் கணவர் வீட்டுக்கு வந்து, "வூட்ல ஒரு வார்த்த வராது, அங்க இன்னா இடி இடிக்கிற! இனிமே ஒங்கிட்ட கொஞ்சம் கம்மியாத்தான் பேசணும்" என்றார்.

அந்த நாடகத்தைப் பார்த்த ஒருவர் மூலமாகத்தான் மெட்ராஸ் டெலிவிஷனில் குரல் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். தேறினேன். நானும் கணவரும் ஒரே ஷூ கம்பெனியில் வேலை. அவர் மெஷின் ரிப்பேர் பார்ப்பார். நான் வெட்டிய தோலின் விளிம்புக்கு பிரஷ்ஷால் சாயம் பூசுவேன். முதலாளி முஸ்லிம் என்பதால் எங்கள் கம்பெனிக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. நாடக ரெக்கார்டிங்கும் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. இது ஆண்டவருடைய ஏற்பாடு என்று மாமியார் தீர்ப்பு சொல்லிவிட்டார். துணைக்கு அவரே வந்தார். முதல் தடவை என்னைக் காவல் காக்க வந்தார். இரண்டாம் தடவையிலிருந்து எனக்கு முன்னால் புடவை கட்டி ரெடியாகிவிடுவார். ஸ்டூடியோ நடையில் எதிர்ப்படும் நடிகர்களை எல்லாம், "நல்லா இருக்கியாப்பா? போன வாரம் உன் பொண்டாட்டி ஓடிப்போய்ட்டாளே, வந்துட்டாளா?" என்று விசாரிப்பார். நாடகத்துப் பெண்டாட்டியைத்தான்.

அப்போது கறுப்பு வெள்ளை. எனக்கு வந்ததெல்லாம் சின்னச் சின்ன வேஷங்கள். நர்ஸ், பக்கத்து வீட்டுக்காரி, கல்யாண வீட்டில் சந்தனக் கிண்ணம் பிடிக்கிறவள். ஆம்பூரில் படம் தெரிவது காற்றின் இஷ்டம். நான் வரும் நாளில் என் கணவர் டிவி வைத்திருந்த வீட்டு மாடியேறி ஆன்டெனாக் கம்பத்தைப் பிடித்துத் திருப்புவார். கீழே இருந்து, "தெரியுது, தெரியுது, ஆடாதே!" என்று கத்துவார்கள். அவர் ஆடாமல் நிற்பார். என் இரண்டு வசனம் முடிந்துபோகும். இப்படியே மூன்று நாடகம் அவர் என்னைப் பார்க்கவில்லை. "நீ நடிக்கிற, நான் கம்பம் புடிக்கிறேன். ரெண்டு பேருமே டிவி ஆர்ட்டிஸ்ட்தான்" என்பார்.

பிறகு கலர் வந்தது. வந்த சூட்டில் எனக்குக் கதாநாயகி வேஷமும் வந்தது. ஒரு சாதாரணக் குடும்பத்து மனைவி. கணவன் ஆபீஸிலிருந்து மல்லிகைப்பூ வாங்கி வருவான், சண்டை போடுவார்கள், சமாதானமாவார்கள், கடைசியில் ஒருநாள் அவன் செத்துப்போன சேதி வரும். அவ்வளவுதான் கதை. ஆனால் எல்லாக் காட்சியிலும் நான் இருந்தேன். இரண்டு வெள்ளிக்கிழமை ஒத்திகை முடிந்தது. இரண்டாவது ஒத்திகையில் தயாரிப்பாளர் சொன்னார்: "கலர்ல எதையும் மறைக்க முடியாதும்மா. பூவை உங்க கையில வைக்கிறப்போ கையை மட்டும் கிட்டத்துல காட்டப்போறேன்."

அந்த நாடகத்தில் பக்கத்து வீட்டுக்காரியாக நடித்தது மயிலாப்பூர் அம்மா ஒருவர். நல்ல நிறம், நல்ல நீள விரல்கள். என் வசனம் முழுவதும் அவருக்குப் பாடம். ஒத்திகையில் நான் பேசும்போது அவர் உதடும் கூடவே அசையும். "உங்களுக்கு அன்னிக்கு உடம்பு கிடம்பு முடியலேன்னா சங்கோஜப்படாதீங்கோ, நான் இருக்கேன்" என்று அன்பாகத்தான் சொன்னார். எனக்கோ அந்த வேஷம் என் கையைவிட்டுப் போகக்கூடாது என்று அப்படி ஒரு ஆசை. அதுவரை எதற்கும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

ரெக்கார்டிங் அடுத்த வெள்ளிக்கிழமை. கம்பெனியில் அந்த வாரம் பார்த்து நீலக் கலர் லேடீஸ் ஷூ ஆர்டர். வியாழக்கிழமை சாயங்காலம் என் இரண்டு கையும் மணிக்கட்டு வரை நீலம். பழுப்புச் சாயம் என்றால் கை நிறத்தோடு சேர்ந்துவிடும், நீலம் எங்கே சேரும்? எலுமிச்சம்பழம் போட்டேன், மண்ணெண்ணெய் போட்டேன், செங்கல் தூள் போட்டுத் தேய்த்தேன். தோல் போனதே தவிர நீலம் போகவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு ஆப்பா இருந்தார். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நானும் கூப்பிடுவேன். அவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"அரே, இதுக்கா இவ்ளோ பேஜாராவற? மேல மருதாணி வச்சிட்டா நீலம் உள்ள போயிடும், செவப்பு மேல வந்துடும்."

"ஆப்பா, கதையில புருஷன் செத்துடறாரு. அந்தப் பொம்பள கையில மருதாணியா?"

"எப்ப சாவறான்?"

"கடைசியில."

"அதுவரைக்கும் சுமங்கலிதானே! செத்தப்புறம் யாரு கையப் பாக்கப்போறாங்க? காட்டு கைய."

இந்த நியாயம் எனக்குச் சரியாகப் பட்டது. மாமியாருக்கும் சரியாகப் பட்டது. ஆப்பா அதுவரை யாருக்கும் வைக்காத அளவு கெட்டியாக, விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை இடம் விடாமல் அப்பினார். நிறம் ஜாஸ்தி பிடிக்கட்டும் என்று இரும்புச் சட்டியில் ஊறவைத்த மருதாணி அது. இரவெல்லாம் துணி சுற்றிக்கொண்டு படுத்தேன்.

விடிந்து துணியை அவிழ்த்தால் இரண்டு கையும் கன்னங்கரேல். பாலிஷ் போட்டது போல மின்னியது. என் கணவர், "ரெண்டு கையிலயும் ஷூ போட்டா மாதிரி இருக்குது. லேஸ்தான் கட்டல" என்றார். ஆப்பா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டார். மாமியார் அவரை அடிக்கப் போய், பாதியில் அவருக்கும் சிரிப்பு வந்து, இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை, ரயிலுக்கு ஓடினோம்.

ரயிலில் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே போனேன். எதிரில் இருந்த அம்மா மாமியாரிடம் மெதுவாக, "மருமகளுக்குக் கையில எதனா சீக்கா?" என்று கேட்டார். "சீக்கு இல்லம்மா, டிவி" என்றார் மாமியார்.

ஸ்டூடியோவில் மேக்கப்காரர் முகத்தை முடித்துவிட்டு, "கையக் குடுங்க" என்றார். மாமியார் குறுக்கே வந்து, "கையெல்லாம் நாங்களே பாத்துக்கறோம், நீ பொட்ட ஒழுங்கா வையி" என்றார். பொட்டு வைப்பது எங்கள் சபையில் வழக்கமில்லை. அதற்கும் அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்: "நடிப்புக்குத்தான்னு ஆண்டவருக்குத் தெரியாதா இன்னா?"

அந்தக் காலத்து ரெக்கார்டிங் எப்படியென்றால், கீழே வீடு போல செட் போட்டிருப்பார்கள். தயாரிப்பாளர் மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் பேசுவார். ஆரம்பித்தால் ஒரே மூச்சு. ஆறு மணிக்கு அந்த செட்டைப் பிரித்துவிட்டு வேறு நிகழ்ச்சிக்கு இடம் விட வேண்டும். நடுவில் நின்றால் அவ்வளவுதான்.

செட்டில் சமையலறை. முதல் காட்சியில் நான் சப்பாத்திக்கு மாவு பிசைய வேண்டும் என்பதற்காக ஒரு தாம்பாளத்தில் கோதுமை மாவும் சொம்பில் தண்ணீரும் வைத்திருந்தார்கள். நான் போய் உட்கார்ந்தேன். மயிலாப்பூர் அம்மா பக்கத்தில் வந்து நின்றார். தயாரிப்பாளர் ஒரு கடைசிப் பார்வை பார்க்க இரும்புப் படியில் இறங்கி வருவது கேட்டது. "கையைக் காட்டுங்கம்மா, வெளிச்சம் பார்க்கணும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

யோசிக்கவே இல்லை. தண்ணீரைக் கவிழ்த்து இரண்டு கையையும் மாவுக்குள் விட்டேன்.

"அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டீங்களா? சரி, சரி, பிசைஞ்சுகிட்டே இருங்க" என்று மேலே போய்விட்டார்.

விளக்குகள் எரிந்தன. நாடகம் ஆரம்பித்தது. வெளியே எடுக்க முடியாத கையை வைத்துக்கொண்டு நான் நாடகம் முழுவதும் மாவு பிசைந்தேன். காபி கொடுக்க வேண்டிய இடம் வந்தது. கணவனாக நடித்தவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். எழுதியிருந்த வசனம், 'காபி ஆறிவிடப் போகிறது, குடியுங்கள்.' என் வாயிலிருந்து வந்ததோ, "காபி அங்க கீது, எடுத்துக்கங்க. கை மாவு." எங்கள் ஊர்ப் பேச்சு. யாரும் எழுதித் தராத பேச்சு. அவர் ஒரு நிமிஷம் விழித்துவிட்டுத் தானே போய் எடுத்துக்கொண்டார். கேமராவும் அவர் பின்னால் ஓடியது.

பூ வந்தது. பந்து மல்லிகையை என் கைக்கு நேராக நீட்டினார். கேமரா ஒன்று கிட்டே நகர்ந்து வருவது தெரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு, "கை மாவா இருக்குது, நீங்களே வச்சி விடுங்க" என்றேன். அந்த மனிதர் நிஜத்தில் பாங்கு குமாஸ்தா. சொந்த மனைவிக்கே பூ வைத்திருக்க மாட்டார் போலிருக்கிறது. எங்கே வைப்பது என்று தேடி என் காது மேல் வைத்தார். அது வழுக்கித் தோளில் விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. நிறுத்துங்கள் என்று மேலேயிருந்து குரல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

இதற்குள் மாவில் என் கைச் சாயம் இறங்க ஆரம்பித்திருந்தது. சப்பாத்தி மாவு மெல்ல மெல்லக் கேழ்வரகுக் களியாகிக்கொண்டிருந்தது. நான் பிசைந்துகொண்டே சண்டை போட்டேன், பிசைந்துகொண்டே சமாதானமானேன்.

கடைசியில் மயிலாப்பூர் அம்மா சாவுச் சேதியோடு வந்தார். நான் தட்டை உதறி எழுந்து அலற வேண்டும் என்று எழுதியிருந்தது. எழுந்தால் கை தெரியும். எழவில்லை. "சரி" என்றேன். திரும்பவும் பிசைந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பொட்டை அழிக்க வேண்டுமே என்று நினைவு வந்தது. மாவு அப்பிய கையாலேயே நெற்றியை இழுத்துத் துடைத்தேன். நெற்றி முழுக்க மாவு.

அப்போது கேமராக்களுக்குப் பின்னாலிருந்து, "ஐயோ, என் புள்ள!" என்று ஒரு அலறல். என் மாமியார்.

விளக்கு அணைந்தது. ஒலிபெருக்கியில், "யாரது அழுதது?" என்று கேட்டார்கள்.

"நான்தாங்க" என்றார் மாமியார், மூக்கைத் துடைத்துக்கொண்டே. "என் புள்ள கல்லு மாதிரி ஊர்ல இருக்கான். இவ பொட்ட அழிச்சா எனக்கு எப்படிங்க இருக்கும்?"

தயாரிப்பாளர் இறங்கி வந்தார். மணி ஆறு. அடுத்த நிகழ்ச்சிக்காரர்கள் வாசலில் பாயும் வீணையுமாக நின்றார்கள். திரும்ப எடுக்க வழியில்லை. அவர் என் எதிரில் குந்தி, "எதுக்கும்மா எல்லாத்தையும் மாத்தினீங்க?" என்று கேட்டார். கோபமா என்று தெரியவில்லை. நான் கையைத் தாம்பாளத்திலிருந்து எடுத்து நீட்டினேன்.

"சாயங்க. ஷூ சாயம். அதும் மேல மருதாணி. கலர்ல தெரியும்னு சொன்னீங்க. வேஷம் போயிடுமேன்னு மாவுலயே வச்சிக்கினு இருந்தேன்" என்றேன். வெளியாளிடம் நான் சொந்தமாகப் பேசிய பேச்சில் அதுவரை அதுதான் நீளம்.

அவர் என் கையைப் பார்த்தார், மாவைப் பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "முன்னாடியே காட்டியிருந்தா நிச்சயமா வேஷத்தை வேற ஆளுக்குத்தான் மாத்திக் கொடுத்திருப்பேன். நல்லவேளை காட்டல. இது இப்படியே போகட்டும். அந்த அம்மா அழுததும் இருக்கட்டும், அக்கம்பக்கத்துல அழற மாதிரி இருக்கு. அடுத்த மாசம் ஒரு நாடகம் இருக்கு, வர்றீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார், "வெள்ளிக்கெழமன்னா வருவோம்" என்றார்.

மயிலாப்பூர் அம்மா சொம்பில் வேறு தண்ணீர் கொண்டுவந்து என் கையில் ஊற்றிக்கொண்டே, "நானும் எத்தனை தடவை பாடம் பண்ணியிருக்கேன், அந்தப் பூ வசனம் எந்தப் பக்கத்துல இருந்துது? எனக்கு மட்டும் அந்தப் பக்கம் தரலையோ?" என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார்.

அதன் பிறகு என் மகள் கல்லூரிக்குப் போகும் வரை நடித்தேன். அந்த நாடகம் ஒளிபரப்பானபோது மாமியார் நாட்றம்பள்ளி வரைக்கும் சொந்தக்காரர்களுக்குச் சொல்லியனுப்பினார், மருமகள் நடிப்பதை அல்ல, கடைசியில் வரும் அழுகை தன்னுடையது என்று. இதெல்லாம் பிறகு.

ரெக்கார்டிங்குக்கு மறுநாள் சனிக்கிழமை. எட்டு மணிச் சங்குக்கு வேலைக்குப் போனேன். நீல ஆர்டர் முடிந்து, பழுப்பு ஆர்டர் ஆரம்பித்திருந்தது.