அடுகோடியில் ஜெயித்த சிப்பாய்

விரலளவு பொம்மைச் சிப்பாய்களை நிறுத்திப் போர் விளையாட, எனக்கு ஆறடிக்கு நாலடி மர மேஜை தேவைப்பட்டது. அடுகோடியில் பட்டறை வைத்திருந்த ஆசாரி அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "ஒரு சிப்பாயைக் குடுத்துட்டுப் போங்க சார்" என்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஒல்லியான மனிதர், புருவமெல்லாம் மரத்தூள். எதைச் செய்து முடித்தாலும் அதன்மேல் ஓங்கி ஒரு குத்து விடுவது அவர் வழக்கம்.

மேஜை வந்த அன்று சிப்பாயை அதன் நடுவில் நிறுத்தினார். நான் பதறுவதற்குள் மேஜைமேல் குத்தினார். சிப்பாய் அசையவில்லை.

"பாலிஷ் ஏன் போடல?" என்றேன்.

"மூணு தடவ போட்டேன் சார். மூணு தடவயும் இவன் வழுக்கி விழுந்தான். சொரண்டி எடுத்துட்டேன்."

அந்தச் சிப்பாயை மட்டும் நான் ஆட்டத்தில் இறக்குவதேயில்லை. அவன் தன் சண்டையை அடுகோடியிலேயே ஜெயித்துவிட்டு வந்தவன்.