இரண்டு டிக்கெட்டும் பாக்கெட்டில்

செய்தி பழனிசாமியின் எண்ணிலிருந்தே வந்தது. எங்கள் கம்பெனி பஸ்ஸின் வாட்ஸப் குழுவில், காலை ஏழு மணிக்கு: 'அப்பா தவறிவிட்டார்.' அனுப்பியது அவர் மகள். எனக்கு அது தோன்றவில்லை. யாருடைய செய்தியையோ பழனிசாமி குழு மாறி அனுப்பிவிட்டார் என்று நினைத்து, அழிக்கட்டும் எனக் காத்திருந்தேன்.

அப்படி நினைக்கக் காரணம் உண்டு. ஒருமுறை மனைவிக்கு எழுதிய 'முருங்கக்கா வாங்கியாச்சு, கோவிச்சுக்காத தங்கம்' என்பதை எங்கள் நாற்பது பேருக்கும் அனுப்பினார். பதறிப்போய் 'எல்லோருக்கும் அழி' என்பதற்குப் பதிலாக 'எனக்கு மட்டும் அழி' என்பதை அழுத்தினார். அவர் திரையில் மட்டும் அது மறைந்தது. ஒரு மாதம் பஸ்ஸில் அவர் பெயர் தங்கம்.

வேடிக்கை என்னவென்றால், இப்படி ஒன்றைப்போல் ஒன்று தோன்றும் கட்டளைகளை விளக்கி எழுதுவதுதான் எங்கள் இருவருக்கும் வேலை. ஹெப்பாள் அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜை. மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கும் கருவி ஒன்று உண்டு. அதில் ரீசெட், ரெஸ்டோர், ரிவர்ட் என்று மூன்று கட்டளைகள். மூன்றுக்கும் நான் எழுதிய விளக்கத்தின் முதல் வரி ஒன்றே: 'முந்தைய நிலைக்குக் கொண்டுபோகும்.' பிழையில்லை என்று நம்பினேன்.

சோதனைப் பிரிவின் நாகவேணி ஒரே ஒரு மாற்றத்தை விலக்க நினைத்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள். ஆங்கில அகர வரிசையில் முதலில் இருந்தது ரீசெட். அதையே கொடுத்தாள். இன்னும் பதியாமல் வைத்திருந்த வேலையெல்லாம் சேர்ந்து போய்விட்டது. "நால்கு தினத கெலச ஹோய்த்து மேடம்," என்று என் மேஜைமுன் வந்து நின்றாள். நான்கு நாள் உழைப்பு போய்விட்டது என்று கன்னடத்தில்.

அவள் போனதும் சத்தமில்லாமல் பக்கத்தைத் திருத்தத் தொடங்கினேன். பழனிசாமி நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க மேடம், பூனையாட்டம் என்ன பண்றீங்க?"

"பழைய பக்கத்தை எடுத்துட்டு புதுசு வைக்கிறேன்."

"அது ரீசெட்டுங்க. மேல்கோட்டை பஸ்ஸுல தப்பா ஏறிட்டீங்கன்னு வெச்சுக்கோங்க. எறங்கித் திரும்பி வந்தா அது ரிவர்ட்டு, போன டிக்கெட்டு, வந்த டிக்கெட்டு ரெண்டும் பாக்கெட்டுல இருக்கும். ஏறவே இல்லீன்னு டிக்கெட்டக் கிழிச்சுப் போட்டா ரீசெட்டு."

"ரெஸ்டோர்?"

"டிபன் கொட்டிப்போச்சு, ஊட்டுல இருந்து டப்பாவ மட்டும் மாத்தி வாங்கிக்கறது."

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. பதினெட்டு வருடத்தில் என் எழுத்தில் பிழை என்று யாரும் சொன்னதில்லை. "என் பேரு கெட்டுப்போகும் சார்," என்றேன்.

"நாளைக்கு இன்னொருத்தரு இதே தப்பப் பண்ணுனா? அந்தப் புள்ளைக்கு நாலு நாளு போச்சு. உங்களுக்கு நாலு வரிதானுங்க."

பழைய பக்கம் திருத்த வரலாற்றில் அப்படியே இருக்க, என்ன பிழை என்று என் பெயர் போட்டு மேலே எழுதினேன். நாகவேணியிடமும் சொன்னேன். மூன்று விளக்கங்களும் ஒரே அட்டவணையாயின. அதன் கடைசி நெடுவரிசை பழனிசாமி சேர்த்தது: 'இதைக் கொடுத்தால் எது போகும்?'

சில மாதம் கழித்து ஒரு காலை கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்ட பழனிசாமி, போனில் பேசிக்கொண்டே நிஜமாகவே மேல்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டார். "ரிவர்ட் பண்ணிட்டு வர்றேனுங்க," என்று அழைத்தார். மதியம் எல்லோருக்கும் அங்கிருந்து வாங்கிவந்த புளியோகரை, நம் புளியோதரைதான். இரண்டு டிக்கெட்டையும் என் மேஜைத் தடுப்பில் குத்தி வைத்தார்.

இறந்தவர்களை உயர்த்திப் பேசும் கட்டுரைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. பழனிசாமி ஓயாமல் பேசுவார், எதையும் உரிய நாளில் முடிக்கமாட்டார். சொந்த ஊரான ஹனூரில் அவரை அடக்கம் செய்த அன்றுகூட நாகவேணி 'தங்கம்' கதையைச் சொல்ல, அழுதுகொண்டிருந்த அவர் மனைவி சிரித்துவிட்டார்.

நேற்று அந்த அட்டவணைப் பக்கத்தைத் திறந்தேன். 'கடைசியாகத் திருத்தியவர்: பழனிசாமி.' ஒரு சொல்லை இரண்டு முறை எழுதியிருந்தார். திருத்தினால் அங்கே என் பெயர் வந்துவிடும். எதை மாற்றும் முன்பும் எது போகும் என்று கேட்டுக்கொள்வது அவரிடமிருந்து எனக்குத் தங்கிய பழக்கம். கேட்டுக்கொண்டேன். எதுவும் போகாது.

திருத்தினேன். திருத்தியவர்கள் பட்டியலில் அவர் பெயர் ஒரு வரி கீழே இறங்கி நின்றது.